லாகின் பதிவுகள்: படிப்பதும் பழுதுபார்ப்பதும்

கல்லூரி லேப் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவனிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்வி, "அந்த நேரத்துல உள்ளே யார் இருந்தது?" என்பதுதான். ஏதோ ஒரு கோப்பு மாறியிருக்கும், அல்லது காணாமல் போயிருக்கும். கேட்பவர் துறைத்தலைவராக இருப்பார். பதிலாக வரப்போவது ஒரு மாணவரின் பெயர். ஒருவர் மேல் பழி விழுவதும் விழாததும் அந்தப் பதிவை நாம் எப்படிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பதால், இந்த வேலையை அலட்சியமாகச் செய்ய எனக்கு மனம் வராது. எப்படிப் படிக்கிறேன், கெட்டுப்போனால் எப்படிச் சரிசெய்கிறேன், எதைத் தொடவே மாட்டேன் என்பதைப் புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

லினக்ஸில் இதற்கென்று நாலு கோப்புகள். இப்போது உள்ளே இருப்பவர்கள் யூடிஎம்பி-யில் இருப்பார்கள். இது ரன் அடைவில், நினைவகத்தில் மட்டும் இருக்கும். மிஷினை ரீபூட் செய்தால் புதிதாகத் தொடங்கும். வந்து போனவர்களின் வரலாறு டபிள்யூடிஎம்பி-யில். தோற்றுப்போன முயற்சிகள் பிடிஎம்பி-யில். ஒவ்வொருவரும் கடைசியாக எப்போது வந்தார் என்பது லாஸ்ட்லாக் கோப்பில். பின் மூன்றும் வார் லாக் அடைவில் இருக்கும். 'ஹூ' கமாண்ட் முதல் கோப்பைப் படிக்கிறது, 'லாஸ்ட்' இரண்டாவதை, 'லாஸ்ட்பி' மூன்றாவதை. நாலும் பைனரி கோப்புகள். எடிட்டரில் திறந்து பார்க்க முடியாது, திறக்கவும் கூடாது.

கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன். ப்ராஜெக்ட் மதிப்பெண் வைத்திருந்த ஒரு கோப்பு மாலை 5:50-க்கு மாறியிருந்தது. லேப் உதவியாளர் 'லாஸ்ட்' அடித்து, பிரிண்ட் எடுத்து துறைத்தலைவரிடம் கொடுத்துவிட்டார். அதில் 5:50-ஐத் தாண்டி உள்ளே இருந்ததாகப் பல வரிகள். ஆனால் எல்லா வரியிலும் பெயர் ஒன்றே! அங்கே லாகின் பெயராக வைத்திருந்தது அண்ணா பல்கலைக்கழகப் பதிவெண். அதில் 12 இலக்கங்கள்: முதல் 4 கல்லூரிக்கு, அடுத்த 2 சேர்ந்த வருடத்துக்கு, அடுத்த 3 துறைக்கு, கடைசி 3 மாணவருக்கு. 'லாஸ்ட்' வழக்கமாகப் பெயரில் முதல் 8 எழுத்தை மட்டும்தான் காட்டும். அந்த 8-ல் ஆளைப் பிரித்துக் காட்டும் இலக்கம் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு வகுப்பு முழுக்க ஒரே ஆள் போலத் தெரிகிறது. அந்த மாலை எந்தச் சீட்டில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைவிலிருந்து சொல்லி, ஒரு மாணவியைக் கூப்பிட்டு விசாரிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் வேலையாக 'லாஸ்ட்'டை மைனஸ் சின்ன டபிள்யூ, மைனஸ் பெரிய எஃப் இரண்டையும் சேர்த்து ஓட்டினேன். சின்ன டபிள்யூ முழுப் பெயரைக் காட்டும். கோப்பில் பெயருக்கு 32 எழுத்துக்கு இடம் இருக்கிறது, எதுவும் தொலைவதில்லை, திரையில்தான் வெட்டுப்படுகிறது. பெரிய எஃப் வருடம், வினாடி வரை முழு நேரத்தைக் காட்டும். இந்த இரண்டும் இல்லாமல் எடுத்த பிரிண்டை யாருக்கும் ஆதாரமாகக் கொடுக்காதீர்கள்.

பெயர் தெளிவானது. அந்த மாணவியின் வரியும் அதில் இருந்தது: மதியம் 2:08-க்கு வந்தவர், மாலை 6:37:40-க்குத்தான் வெளியேறினார் என்கிறது பதிவு. அவர் சொன்னது, "சார், நான் நாலரைக்கே காலேஜ் பஸ்ல ஏறிட்டேன். டிரைவர் அண்ணாவைக் கேட்டுப் பாருங்க." துறைத்தலைவர் மேடம் என்னைப் பார்த்து, "மிஷின் பொய் சொல்லுமா சார்?" என்றார்.

மிஷின் பொய் சொல்லவில்லை. அதற்கு எப்போது தெரிந்ததோ அந்த நேரத்தை எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். அன்றைய பட்டியலில் அவர் ஒருவர் மட்டும் இல்லை; அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த பலருக்கும் வெளியேறிய நேரம் 6:30-ஐ ஒட்டியே இருந்தது. லேப் பூட்டுவது 4:30-க்கு. பூட்டிய லேபில் அத்தனை பேர் எப்படி இருப்பார்கள்? உதவியாளரிடம், "சாயங்காலம் லேப் எப்படிண்ணா மூடுவீங்க?" என்று கேட்டேன். "பெல் அடிச்சதும் பசங்க பையத் தூக்கிட்டுப் போயிடுவாங்க சார், நான் மெயினை ஆஃப் பண்ணிட்டுப் பூட்டிடுவேன்" என்றார். அதுதான் விஷயம். திரையில், சர்வருக்குள் நுழைய வைத்திருக்கும் புட்டி விண்டோ திறந்தே இருக்கும். கணினிக்குத் திடீரென்று கரண்ட் போகிறது. 'நான் போகிறேன்' என்று சர்வருக்குச் சொல்ல அந்தக் கணினிக்கு வாய்ப்பே இல்லை. சர்வர் பாட்டுக்கு இணைப்பு இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

எவ்வளவு நேரம் அப்படி நினைக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் லினக்ஸின் டிசிபி கீப்-அலைவ், வழக்கமான அமைப்பில் எதிர்முனையிலிருந்து கடைசியாகச் சேதி வந்ததிலிருந்து 7,200 வினாடி பேசாமல் இருக்கும். அப்புறம் 75 வினாடிக்கு ஒருமுறை 'இருக்கிறாயா' என்று கேட்கும். 9 முறை கேட்டும் பதில் இல்லையென்றால் இணைப்பை முறித்துவிடும். மொத்தம் 7,875 வினாடி, அதாவது 2 மணி 11 நிமிடம் 15 வினாடி. 6:37:40-லிருந்து அதைக் கழித்தால் 4:26:25. மாணவி கடைசியாகக் கீபோர்டைத் தட்டியது அப்போதுதான். மற்றவர்களின் நேரத்திலும் இதே அளவைக் கழித்தேன். எல்லாமே 4:30-க்கு முன்னால் வந்து நின்றது. யார் எப்படி உள்ளே வந்தார் என்று வரிவரியாக எழுதும் செக்யூர் லாக்கிலும் (டெபியன் வகையில் இதன் பெயர் ஆத் லாக்) அந்த ஒவ்வொரு இணைப்புக்கும் எதிர்முனையிலிருந்து படிக்க முடியவில்லை, நேரம் கடந்துவிட்டது என்ற பிழை வரி பதிவாகியிருந்தது. தானாக வெளியேறியிருந்தால் அந்த வரி வராது. இணைப்பைத் துண்டித்ததாக ஒரு சாதாரண வரி வந்திருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி மேடத்திடம் கொடுத்தேன். கோப்பை மாற்றியது வேறொரு ஆசிரியரின் கணக்கிலிருந்து போன பழைய பிரதி என்று பிறகு தெரியவந்தது. விசாரித்தவர்கள் அந்த மாணவியைக் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தார்கள். அது நடந்ததுதான் எனக்கு முக்கியம்.

அன்றே சர்வரில், வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய வழிசெய்யும் எஸ்எஸ்ஹெச்சின் அமைப்பை மாற்றினேன். கிளையன்ட்-அலைவ்-இன்டர்வெல் 60, கிளையன்ட்-அலைவ்-கவுன்ட்-மேக்ஸ் 3. நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும்; தொடர்ந்து 3 முறை பதில் வராவிட்டால் மூடிவிடும். இப்போது மெயினை அணைத்தால் நாலைந்து நிமிடத்துக்குள் பதிவில் வெளியேற்றம் வந்துவிடுகிறது. நீங்கள் இப்படிக் கழித்துப் பார்ப்பதானால், முதலில் உங்கள் சர்வரில் கீப்-அலைவின் மூன்று மதிப்புகளும் என்ன என்று 'சிஸ்சிடிஎல்' கமாண்டில் பார்த்துவிடுங்கள். யாராவது மாற்றியிருந்தால் உங்கள் கணக்கும் மாறும். அதேபோல் அந்த நேரத்தில் சர்வர் அந்தப் பக்கம் ஏதாவது அனுப்பிக்கொண்டிருந்தால் இந்த 2 மணி 11 நிமிடம் பொருந்தாது. பதில் வராத சேதியைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு, சுமார் கால் மணி நேரத்தில் விட்டுவிடும்.

கரண்ட் போவது லேபில் இல்லாமல் சர்வருக்கே என்றால் வேறு மாதிரி. யூபிஎஸ் பேட்டரி தேய்ந்துபோய், வெள்ளிக்கிழமை மாலை சர்வர் அப்படியே விழுகிறது. திங்கள் காலை வந்து யாரோ போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது உள்ளே இருந்தவர்களுக்கு 'லாஸ்ட்'டில் 'க்ராஷ்' என்று வரும், பக்கத்தில் அடைப்புக்குறியில் இரண்டரை நாளுக்கு மேல் ஒரு நேரமும் வரும். அது அவர் உள்ளே இருந்த நேரம் அல்ல. சர்வர் எப்போது விழுந்தது என்று யாரும் எழுதவில்லை. அதனால் 'லாஸ்ட்' அடுத்த பூட் நேரம் வரைக்கும் கணக்குப் போட்டுவிடுகிறது. உண்மையில் எப்போது விழுந்தது என்று தெரிய வேண்டுமானால் சிஸ்டம் லாக்கில் ரீபூட்டுக்கு முந்தைய கடைசி வரியைப் பாருங்கள். ஏதாவது ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) நிமிடத்துக்கொருமுறை ஓடுகிற சர்வர் என்றால் ஒரு நிமிடத் துல்லியத்தில் கிடைத்துவிடும்.

இதுவரை சொன்னதில் கோப்பு கெடவேயில்லை, படிப்பதில்தான் கவனம் வேண்டியிருந்தது. என் அனுபவத்தில் 'பதிவு கெட்டுப்போச்சு சார்' என்று கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் இந்த வகைதான். மீதிப்பேருக்கு உண்மையிலேயே கோப்பு கெட்டிருக்கும்.

அதைப் பார்க்க உள்ளமைப்பு தெரிய வேண்டும். 64-பிட் இன்டெல், ஏஎம்டி மிஷின்களில் ஒரு பதிவு சரியாக 384 பைட். தொடக்கத்திலிருந்து 0-வது பைட்டில் பதிவின் வகை, 4-ல் ப்ராசஸ் எண், 8-ல் டெர்மினல் பெயர், 44-ல் பயனர் பெயர், 76-ல் எந்த மிஷினிலிருந்து வந்தார் என்பது. வகை 7 என்றால் பயனர் வந்தார். 8 என்றால் அந்த டெர்மினலில் இருந்தவர் போய்விட்டார். 2 என்றால் மிஷின் பூட் ஆனது. போனதற்கான பதிவில் பயனர் பெயர் இருக்காது, டெர்மினல் பெயர் மட்டும்தான். 'லாஸ்ட்' கோப்பைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்து, ஒரே டெர்மினலின் 8-ஐயும் 7-ஐயும் ஜோடி சேர்த்துத்தான் ஒரு வரி உருவாக்குகிறது. இது புரிந்தால் பல குழப்பங்கள் தானே தீர்ந்துவிடும்: நடுவில் ஒரு 8 தொலைந்தால் ஒரு ஆளின் வெளியேற்றம் மட்டும்தான் தொலைகிறது, வருகை அப்படியே இருக்கும்.

முதல் சோதனை மிக எளிது. கோப்பின் அளவை 384-ஆல் வகுங்கள். மீதி வந்தால் கடைசிப் பதிவு அரைகுறை. ஆனால் இதற்காகப் பதறத் தேவையில்லை: லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி, அடுத்த பதிவை எழுதும் முன் இதே வகுத்தலைத் தானே செய்து, மிஞ்சிய துண்டை வெட்டிவிட்டுத்தான் எழுதும். ஆகவே கோப்பின் நடுவில் வரிசை தவறியிருந்தால் பெரும்பாலும் மனிதக் கைதான் காரணம். யாரோ பழைய மாதக் கோப்புகளை ஒன்றாக ஒட்டியிருப்பார்கள், அல்லது வேறு வகை மிஷினின் கோப்பைச் சேர்த்திருப்பார்கள். 64-பிட் ஆர்ம் மிஷினில் ஒரு பதிவு 400 பைட். ராஸ்பெரி பையில் எடுத்த கோப்பை இன்டெல் சர்வரில் 'லாஸ்ட்'டுக்குக் கொடுத்தால் எல்லாம் குப்பையாகும். அந்தக் கோப்பு கெடவில்லை; அது பிறந்த வகை மிஷினில் படித்தால் சரியாக வரும்.

இரண்டாவது சோதனை 'யூடிஎம்பிடம்ப்'. இது பைனரியை வரிக்கு ஒரு பதிவாக எழுத்தில் கொட்டும். புதிய பதிப்புகளில் நேரம் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் வரும், 'லாஸ்ட்' நம் நேரத்தில் காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது 5:30 மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கொட்டியதில் நான் தேடுவது 1970 ஜனவரி 1. அந்தத் தேதி வந்தால் அங்கே வெறும் பூஜ்யங்கள் இருக்கின்றன என்று அர்த்தம்.

பூஜ்யப் பதிவுகள் விஷயத்தில்தான் அவசரப்படவே கூடாது. கரண்ட் திடீரென்று போகும்போது கோப்பின் நீளம் கூடியிருக்கும், ஆனால் உள்ளே எழுத வேண்டியது டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. அந்த இடம் முழுக்கப் பூஜ்யமாக நிற்கும். இந்த வகையில் பூஜ்யங்கள் தொடர்ச்சியாக, ஒரு கூட்டமாக இருக்கும்; அது முடிந்ததும் அடுத்த பதிவு பூட் பதிவாக, வகை 2-ஆக இருக்கும். அப்படி இருந்தால் நிம்மதி. ஆனால் நல்ல பதிவுகளுக்கு நடுவில் ஒரே ஒரு பதிவு மட்டும், துல்லியமாக 384 பைட், பூஜ்யமாக இருந்தால்? முன்னும் பின்னும் பூட் எதுவும் இல்லையென்றால்? உள்ளே புகுந்தவர்கள் தங்கள் தடயத்தை அழிக்கப் பயன்படுத்தும் பழைய கருவிகள் பல செய்வது அதையேதான்: தங்கள் பதிவைக் கண்டுபிடித்து, அதன் மேல் பூஜ்யம் எழுதுவது. 'லாஸ்ட்' இப்படிப்பட்ட பதிவைப் பார்த்தால் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். 'யூடிஎம்பிடம்ப்'பில்தான் தெரியும். அப்படி ஒன்றைப் பார்த்தால் சரிசெய்யும் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கோப்பைத் தொடாமல், அதே நேரத்துக்கு ஆத் லாக்கிலோ செக்யூர் லாக்கிலோ எஸ்எஸ்ஹெச் வரிகள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். அங்கே ஒரு வருகை இருந்து இங்கே இல்லையென்றால், இனி அது பழுதுபார்க்கும் வேலை அல்ல, விசாரணை.

சரி, உண்மையிலேயே பழுதுபார்க்க வேண்டியிருந்தால் நான் செய்வது இது. மூலக் கோப்பை நேரமுத்திரை மாறாமல் வேறொரு மிஷினுக்கு நகலெடுத்து, கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் கைரேகை போன்ற அதன் ஷா-256 மதிப்பை எழுதி வைப்பேன். வேலை எல்லாம் நகலில்தான். வரிசை தவறியிருந்தால் 'ஹெக்ஸ்டம்ப்'பில் தவறிய இடத்துக்கு அப்புறம் பிடிஎஸ் என்று தொடங்கும் முதல் டெர்மினல் பெயரைத் தேடுவேன். டெர்மினல் பெயர் பதிவின் 8-வது பைட்டில் இருப்பதால், கண்டுபிடித்த இடத்திலிருந்து 8 கழித்தால் அந்தப் பதிவின் தொடக்கம். அங்கிருந்து 44 தள்ளிப் பயனர் பெயர் ஒழுங்காகத் தெரிகிறதா, 384 தள்ளி அடுத்த பதிவு தொடங்குகிறதா என்று பார்த்து உறுதிசெய்வேன். டெர்மினல் பெயர் இன்னொரு இடத்திலும் தற்செயலாக வரலாம் என்பதால் இந்த இரண்டு சரிபார்ப்பும் கட்டாயம். பிறகு நல்ல முன்பகுதியை 'டிடி' கொண்டு, 384 அளவில் எண்ணி வெட்டி, சரியான தொடக்கத்திலிருந்து பின்பகுதியை 'டெய்ல்' கொண்டு எடுத்து, இரண்டையும் ஒரு புதுக் கோப்பில் சேர்த்தால் போதும். நடுவில் சிக்கிய துண்டு தனியாக ஒரு கோப்பாக இருக்கும், தூக்கிப் போடுவதில்லை.

'யூடிஎம்பிடம்ப்'பில் எழுத்தாகக் கொட்டி, வேண்டாத வரியை நீக்கிவிட்டு, மைனஸ் ஆர் போட்டுத் திரும்பப் பைனரியாக்கலாம் என்று பல இடங்களில் சொல்லியிருப்பார்கள். முடியும். ஆனால் அதன் கையேடே இது பிழை தேடுவதற்காக எழுதிய கருவி என்று எச்சரிக்கிறது. எழுத்தாகக் கொட்டும்போது எட்டு விவரங்கள்தான் வரும். வெளியேறிய நிலை, செஷன் எண் இரண்டும் வராது. திரும்பப் பைனரியாக்கும்போது அவை தொலைந்துபோகும். அடைப்புக்குள் இருக்கும் இடைவெளிகளும் அளவு மாறாமல் இருக்க வேண்டும். ஏதாவது எடிட்டர் ஓரத்து இடைவெளியைத் தானாக நீக்கிவிட்டால் போயிற்று. அதனால் அந்த வழியை நான் கடைசியில்தான் எடுக்கிறேன்.

எந்த வழியில் செய்தாலும், சரிசெய்த கோப்பைப் பழைய கோப்பின் இடத்தில் வைத்துவிட்டு மூலத்தை அழித்துவிடக் கூடாது. அரசு அலுவலகப் பதிவேட்டில் தவறு வந்தால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள், வெள்ளை மை பூசி மறைக்க மாட்டார்கள். அதே முறைதான் இங்கேயும். மூலம் அப்படியே இருக்கும். பக்கத்தில் சரிசெய்த நகல். அதோடு என்ன நீக்கினேன், ஏன், எந்த பைட்டிலிருந்து எந்த பைட் வரை என்று ஒரு குறிப்பு. யாராவது கேட்டால் மூன்றையும் சேர்த்துத்தான் கொடுப்பேன். 'லாஸ்ட்'டுக்கு மைனஸ் சின்ன எஃப் கொடுத்து எந்தக் கோப்பை வேண்டுமானாலும் படிக்கச் சொல்லலாம். சரிசெய்த நகல் மூலத்தின் இடத்தில் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

கடிகாரம் தவறுவது தனிக் கதை. மதர்போர்டின் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்த பழைய சர்வர்கள், கரண்ட் போய் வந்ததும் பழைய தேதியில் எழுந்திருக்கும். பூட் பதிவு அந்தப் பழைய தேதியோடு எழுதப்படும். சில வினாடி கழித்து, நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி சரியான நேரத்தைக் கொண்டுவரும். 'லாஸ்ட்' பட்டியலில் மைனஸ் கணக்கில் நாட்களோ, ஆயிரக்கணக்கான நாட்களோ வருவது இதனால்தான். ஏஐஎக்ஸ், சோலாரிஸ் போன்ற பழைய யூனிக்ஸ் மிஷின்களில் இதற்கென்றே ஒரு கருவி இருந்தது: 'டபிள்யூடிஎம்பிஃபிக்ஸ்'. அங்கே யாராவது தேதியை மாற்றினால் பழைய நேரம், புதிய நேரம் என்று இரண்டு பதிவுகள் ஜோடியாக எழுதப்படும். அதை வைத்து இந்தக் கருவி முந்தைய பதிவுகளின் நேரத்தைத் திருத்தும். பயனர் எத்தனை நேரம் இருந்தார் என்று கணக்கிட்டுப் பணம் வசூலித்த காலத்தில் அது அவசியமாக இருந்தது. லினக்ஸில் அந்த ஜோடியை இன்று பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. அதனால் கடிகாரம் தவறிய பதிவை நான் திருத்துவதே இல்லை. பதிவுகள் எந்த வரிசையில் எழுதப்பட்டனவோ அந்த வரிசை நம்பகமானது. அதை வைத்து நேரத்தை ஊகித்து, குறிப்பில் எழுதிவிடுவேன். பேட்டரியை மாற்றச் சொல்லிக் கையோடு ஆளையும் அனுப்புவேன்.

'ஹூ'வில் பேய் போல நிற்கும் பெயர்கள் இன்னொரு தொல்லை. ஆள் போய் நாளாகியிருக்கும், பெயர் இருக்கும். 'ஹூ' மைனஸ் யூ போட்டால் ப்ராசஸ் எண்ணும், எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார் என்பதும் வரும். 24 மணி நேரத்தைத் தாண்டினால் 'ஓல்ட்' என்று காட்டும். அந்த ப்ராசஸ் உயிரோடு இருந்தால் சாதாரண 'கில்' போதும். முறைப்படி வெளியேற்றத்தைப் பதிந்துவிட்டுப் போகும். மைனஸ் 9 போடாதீர்கள். அதைப் போட்டால் பதிவெழுத நேரமே கிடைக்காது. பேய்ப்பெயர்கள் பலவும் யாரோ முன்பு மைனஸ் 9 போட்டதால் வந்தவைதான். ப்ராசஸே இல்லையென்றால் அடுத்த ரீபூட் வரை விட்டுவிடுங்கள். அதற்காக யூடிஎம்பி-யைத் தோண்ட வேண்டாம். நிஜமாக யார் இருக்கிறார்கள் என்பதை 'லாகின்சிடிஎல்' சொல்லும்.

லாஸ்ட்லாக் பற்றி ஒரு எச்சரிக்கை. அது பயனர் எண்ணை இடமாக வைத்து எழுதப்படும், ஒருவருக்கு 292 பைட். ஆக்டிவ் டைரக்டரியோடு (மைக்ரோசாஃப்டின் மையப் பயனர் பட்டியல்) இணைத்த சர்வரில் ஒருவரின் எண் 100 கோடியைத் தாண்டினால் 'எல்எஸ்' அந்தக் கோப்பை 290 ஜிபிக்கு மேல் என்று காட்டும். டிஸ்க்கில் உண்மையில் சில கேபிதான் இருக்கும். 'டியூ' போட்டால் தெரியும். யாரும் பயந்து அழிக்க வேண்டாம். ஆனால் பேக்கப் மென்பொருள் வெற்றிடத்தைப் புரிந்துகொள்ளாத வகை என்றால் அதை விலக்கி வையுங்கள்.

பிடிஎம்பி-யின் அனுமதியையும் பாருங்கள். அவசரத்தில் பெயர் கேட்கும் இடத்தில் பாஸ்வேர்டை அடித்துவிடுகிறவர்கள் நிறைய. அது அப்படியே பிடிஎம்பி-யில் பெயராக உட்கார்ந்துவிடும். ரூட் எனும் தலைமை நிர்வாகக் கணக்கும் யூடிஎம்பி குழுவும் தவிர வேறு யாருக்கும் அதைப் படிக்க அனுமதி இருக்கக் கூடாது. 'லாஸ்ட்பி' பிரிண்டை மேசையில் போட்டு வைப்பதும் கூடாது.

எத்தனை நாள் வைத்திருப்பது? பல லினக்ஸ்களில் லாக்ரொட்டேட் டபிள்யூடிஎம்பி-யை மாதம் ஒருமுறை சுழற்றி, ஒரே ஒரு பழைய பிரதியை வைத்திருக்கும். ஏறக்குறைய இரண்டு மாதம்தான். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவு, லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும், கடிகாரங்களை தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வர்களோடு ஒத்திசைக்கவும் சொல்கிறது. நம் கல்லூரிக்கு அது எந்த அளவு பொருந்தும் என்று வாதாடுவதைவிட, லாக்ரொட்டேட் வைத்திருக்கும் பழைய பிரதிகளின் எண்ணிக்கையை 12 ஆக்கிவிடுவது சுலபம். இந்தக் கோப்புகள் சின்னவை. ஒரு வருடத்துக்கானது சில எம்பிதான் வரும். இணையத்துக்குத் திறந்திருக்கும் சர்வரின் பிடிஎம்பி மட்டும் விதிவிலக்கு, அது ஊதிக்கொண்டே போகும். அதோடு ஆத் லாக்கை இன்னொரு மிஷினுக்கு, லாக் அனுப்பும் மென்பொருளான ஆர்சிஸ்லாக் வழியாக அனுப்புங்கள். கோவைக் கல்லூரியில் அந்த மாணவிக்கு உதவியது டபிள்யூடிஎம்பி மட்டும் அல்ல, செக்யூர் லாக்கும்தான்.

இந்தக் கோப்புகளின் காலமே முடிந்துகொண்டிருக்கிறது. இன்டெல் மிஷின்களில் நேரத்துக்கு 32 பிட்தான் இடம். 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8:44:07-க்குப் பிறகு அதில் இடம் இல்லை. அதற்காக டபிள்யூடிஎம்பிடிபி என்ற புது ஏற்பாடு வந்திருக்கிறது; பதிவுகள் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் போகின்றன. லாஸ்ட்லாக்குக்குப் பதில் லாஸ்ட்லாக்2. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் பழைய 'லாஸ்ட்', 'லாஸ்ட்பி', 'லாஸ்ட்லாக்' கமாண்டுகள் எடுக்கப்பட்டுவிட்டன. 384 பைட் கணக்கு இனி வேண்டாம். ஆனால் ரூட் அனுமதி உள்ளவர் ஒரே வரியில் ஒரு பதிவை மாற்றிவிட முடியும் என்பதால், இன்னொரு மிஷினுக்கு லாக் அனுப்புவது முன்னைவிட அவசியமாகிறது.

பழைய சர்வரை டெபியன் 13-க்கு மாற்றப் போகிறவர்கள், மாற்றும் முன் பழைய டபிள்யூடிஎம்பி கோப்புகள் எல்லாவற்றையும் 'லாஸ்ட்' கொண்டு முழுப் பெயர், முழு நேரத்தோடு எழுத்தாக எடுத்து, பைனரிகளோடும் அவற்றின் ஷா மதிப்புகளோடும் ஒரே அடைவில் வைத்துவிடுங்கள். கோப்பின் பெயரில் சர்வரின் பெயர், மிஷின் வகை, நேர மண்டலம் மூன்றும் இருக்கட்டும். மூன்று வருடம் கழித்து ஒரு மாணவரின் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் அது தேவைப்படும்.